மூன்றாம் பாடம்

சப்பாத்தைக் கழற்றக் கூடாது, வெட்ட வேண்டும்.
திருகோணமலையில் நான் முதலில் படித்தது அதுதான்.
குதிக்காலில் தொடங்கி மேலே, நாடாவைத் தொடாமல்.
ஒரு கிழமையில் கத்தரிக்கோல் மழுங்கிவிடும்.
சாணைக்காரன் கேட்பான்:
"மிஸ்ஸி, தகரமா வெட்டுறீங்க?"

கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்து பதினாறு நாள்.
நேவிக்காரரின் வார்டு நிரம்பி
மிச்சத்தை எங்களிடம் இறக்கினார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
மூதூரிலிருந்து வள்ளத்தில் வந்த சனம், ஷெல் காயம்.
கத்தரிக்கோல் ஒன்றுதான்.
அவித்து அவித்து இரண்டு பக்கமும் கொண்டுபோனேன்.
"அவங்களுக்கும் இதாலயா?" என்றாள் ஒருத்தி,
அவள் பிள்ளையின் தோளுக்கு நான் மருந்து கட்டும்போது.
துணியை வெட்டினேன்.
பதில் சொல்லவில்லை.

சிங்களத்தில் என்னிடம் ஐந்து சொல் இருந்தது.
வத்துர. ரிதெனவா. அத்த. ககுல.
ஐந்தாவது அம்மா, அது எங்களுடையதும்.

பதினோராம் கட்டில், சேனக.
மிதிவெடி. இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
இரண்டு கையிலும் பொட்டலம் பொட்டலமாய்க் கட்டு.
எழுது என்று நாடியால் காட்டினான்.
காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில்
அவன் சொல்லச் சொல்லத் தமிழெழுத்தில் எழுதினேன்.
அவன் வாயில் இரண்டு 'க', என் பேனையில் ஒன்று.
கடைசியில் ஒரு நம்பர்,
மதவாச்சிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பலசரக்குக் கடை.

உட்துறைமுக வீதியில் கொமினிக்கேஷன்.
மீட்டர் சிவப்பாய் ஓட
கடைக்காரர் யாரையோ ஓடவிட்டு அழைப்பித்தார்.
ஒரு மூச்சு வந்து நின்றது.
வாசித்தேன்,
பள்ளிக்கூடத்தில் தேவாரம் ஒப்புவித்த மாதிரி
பொருள் தெரியாமல், பிழை விடாமல்.
ககுல கெப்புவா. ஏக்க அம்மாட்ட கியன்ன எப்பா.
காலும் அம்மாவும் தெரிந்த சொற்கள்.
அதனால் அந்த இடத்தை நிறுத்தி, தெளிவாக,
இரண்டு தரம் வாசித்தேன்.

அங்கே ஒரு கோழி கொக்கரித்தது.
எண்பத்து நான்கு ரூபாய்.
எண்பத்தெட்டு.
பிறகு, "ஹொந்தாய், மிஸ்ஸி."

நாலாம் நாள் அவள் வரமுன்
தலையணையைக் காட்டினான், பிறகு போர்வையை.
உருட்டி உள்ளே வைத்தேன். காலுக்குத் தாங்கல் கேட்கிறானாக்கும்.
இன்னும் கீழே, இன்னும் கீழே என்று நாடி அசைந்தது.

கால்மாட்டில் இருந்தாள்.
தலையணையைப் பிடித்துவிட்டாள், பின்னேரம் முழுக்க.
கெண்டை, குதி, விரல்கள் இருக்கும் இடம்,
ஒவ்வொரு விரலாக.
அவன் கூரையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கதைத்தான்.
வெளியே ஒரு புள்ளிமான், பஸ் நிலையத்தில் திரிகிறதுகளில் ஒன்று,
குப்பைத் தொட்டியில் பஞ்சை மென்றது.
பாவம், நான் வாசித்தது இவளுக்கு விளங்கவில்லை
என்று நினைத்துக்கொண்டு
மருந்துத் தட்டோடு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனேன்.

பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு
அரச ஊழியருக்கு இரண்டாம் மொழிப் பரீட்சை.
உப்புவெளியில் பின்னேர வகுப்பு, சின்னப் பிள்ளைகளின் கதிரை.
மூன்றாம் பாடம்.
யன்ன எப்பா, போக வேண்டாம்.
கன்ன எப்பா, சாப்பிட வேண்டாம்.
கியன்ன எப்பா.
மாஸ்டர் பலகையிலிருந்து திரும்ப முன்
எழுந்து வெளியே போய்
குழாயைத் திறந்து கை கழுவினேன்,
முழங்கை வரைக்கும், தியேட்டருக்குப் போகிறவளைப் போல.

எழுபத்தொரு புள்ளி. சம்பளத்தில் கூட்டினார்கள்.

அந்த அட்டையை இப்போது முழுவதும் வாசிக்க முடிகிறது.
முன்பக்கம் நூற்றொன்று, நூற்றிரண்டு, நூறு.
பின்பக்கம்
குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று ஒரு கேள்வி,
தங்கச்சியின் கண்ணாடி,
பிறகு சிவலைக் கன்று.
அதிலும் ஒரு எப்பா இருக்கிறது, விற்க வேண்டாமாம்.
விற்றார்களோ தெரியாது.